பயத்துக்கு ஓடும் மீட்டர்

காரைக்காலிலிருந்து சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பெண்ணுக்கு அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி சீனியர் எல்லோரும் சொல்லும் புத்திமதிகளைத் தொகுத்தால் ஒரு கைப்புத்தகம் தேறும். கேட்ட காசில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பி. ஊருக்குப் புதுசு என்று காட்டிக்கொள்ளாதே. ஏறுமுன் வண்டி நம்பரைப் படம் எடுத்து அனுப்பு. ஏறியதும், "அப்பா, பத்து நிமிஷத்துல வந்துடுவேன், வாசல்ல நில்லுங்க" என்று போனில் சத்தமாகப் பேசு. மறுமுனையில் ஆள் இல்லாவிட்டாலும் பேசு. சரியான சில்லறை வைத்துக்கொள். விடுதி வாசலில் இறங்காதே, நாலு வீடு தள்ளி இறங்கு.

இவற்றில் எதையும் நான் கேலி செய்யவில்லை. எல்லாம் பட்டு அறிந்தவர்கள் சொன்னவை. ஆனால் இந்தக் கைப்புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். ஓட்டுநரைப் பார்த்து ஒரு வரி இல்லை. வண்டியை நாள் வாடகைக்கு விடும் முதலாளிக்கு ஒரு வரி இல்லை. கட்டணம் நிர்ணயிக்கும் அரசுக்கு, பேருந்து விடாத கழகத்துக்கு, விளக்குப் போடாத நகராட்சிக்கு ஒன்றுமே இல்லை. எல்லா வரியும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில். அவள் ஏமாந்தால் அவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று பொருள். "உனக்குப் பேரம் பேசத் தெரியலடி" என்று முடித்துவிடுவோம்.

பெண்கள் ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் கூடுதலாகக் கொடுக்கும் காசு, பேரம் பேசத் தெரியாததால் போகும் காசு இல்லை என்பதே என் வாதம். தெருவைப் பெண்களுக்கு மூடி வைத்திருக்கும் ஒரு சமூகம், அந்த மூடிய கதவைத் தாண்டுவதற்கு வசூலிக்கும் சுங்கம் அது. ஓட்டுநர் அதை வசூலிக்கிறார். சுங்கச்சாவடியைக் கட்டியவர்கள் வேறு.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தமிழக அரசு 2013 ஆகஸ்டில் ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இதன்படி பத்து கிலோமீட்டர் பயணத்துக்குப் பகலில் ஏறக்குறைய 123 ரூபாய் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்கு 185 ரூபாய். அரசின் எழுத்துப்படி இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் 62 ரூபாய்தான். ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் போய் இறங்கிய நாட்களில், அந்தத் தூரத்துக்கு என்னிடம் 500 கேட்டிருக்கிறார்கள், 600 கேட்டிருக்கிறார்கள். அதே இடத்துக்கு முற்பகல் பதினோரு மணிக்கு 250.

நான்கு மணிக்கும் பதினோரு மணிக்கும் இடையில் என்ன மாறியது? தூரம் மாறவில்லை. சாலை காலியாக இருப்பதால் எரிபொருள் குறைவாகத்தான் செலவாகும். மாறியது என்னுடைய மாற்றுவழி. பதினோரு மணிக்கு நான் பேருந்து ஏறலாம், நடக்கலாம், நிழலில் நின்று அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். நான்கு மணிக்கு இவை எதுவும் இல்லை. அதை ஓட்டுநர் ஒரே பார்வையில் படித்துவிடுகிறார். பெட்டி, தூக்கக் கண், போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் என்று அடிக்கடி பார்ப்பது, சுற்றுமுற்றும் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. அவர் சொல்லும் விலை பத்து கிலோமீட்டருக்கான விலை இல்லை. அங்கே இன்னும் ஒரு மணி நேரம் நிற்க எனக்கு இருக்கும் பயத்தின் விலை.

"ஆம்பளைகளையும்தானே ஏமாத்துறாங்க?" என்று கேட்பார்கள். ஆமாம், ஏமாற்றுகிறார்கள். ஆனால் அதே நான்கு மணிக்கு ஓர் ஆண் என்ன செய்கிறார்? "போய்யா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகிறார். ஒரு டீ, ஒரு பேப்பர், ஐந்தரைக்கு முதல் பேருந்து. அந்த டீக்கடை பெஞ்சுதான் அவருடைய பேரபலம். பேரம் என்பது நாக்கில் இல்லை. வேண்டாம் என்று விலகிப் போக முடிவதில் இருக்கிறது. அந்த பெஞ்சில் விடியும்வரை ஒரு பெண் தனியாக உட்காரக்கூடிய ஊராக நம் ஊர்கள் இருந்தால், பாதிப் பேரத்தை நாங்கள் வாய் திறக்காமலே ஜெயித்துவிடுவோம்.

நம் மொழியில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆட்டோவில் ஏறும் பெண் "அண்ணே" என்கிறாள். மரியாதைக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். என்னைத் தங்கையாகப் பார், வேறு எப்படியும் பார்க்காதே என்ற மனு அது. அந்த மனுவை நீட்டிய கையாலேயே "இருநூறு அதிகம்ணே" என்று சண்டை போட முடியாது. அண்ணனிடம் பாதுகாப்பும் கேட்டுக்கொண்டு கணக்கும் கேட்பது எப்படி? பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்குகிறோம்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். காரைக்கால் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் தமிழ்நாடு. எங்களை ஆளும் புதுச்சேரி ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர்; வண்டிக்கு அது வேற்று மாநிலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தில் கொடுத்த பெர்மிட், பொதுவாக மறு மாநிலத்தின் மேலொப்பம் இல்லாமல் அங்கே செல்லாது. பி.ஒய் 02 என்று எண் பலகை தாங்கிய ஆட்டோவுக்கு இந்தச் சட்டம் ஒரு தலைவலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தலைவலிக்கு மருந்துச் செலவு பயணியுடையது. "பார்டர் தாண்டணும்மா, போலீஸ் புடிச்சா யாரு கட்டுறது?" என்று இருநூறு ஏறும். திருமணமாகி நாகப்பட்டினம் போன மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரும் தாய்க்கும், நாகூர் தர்காவுக்குப் போய்வரும் பாட்டிக்கும் ஒரே ஊர்தான் அது. இடையில் கோடு கிழித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும். 1954இல் பிரெஞ்சு ஆட்சி போனது. கோட்டின் பெயரால் வாங்கும் காசு போகவில்லை.

திருநள்ளாற்றைப் பாருங்கள். காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுமார். சனிக்கிழமை ஒரு கட்டணம், மற்ற நாளில் ஒரு கட்டணம். வெளியூர்ப் பக்தர்களுக்குச் சொல்லும் விலையை உள்ளூர்ப் பெண்ணிடமும் சொல்லிப் பார்ப்பார்கள். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குக் கூட்டம் கூடியபோது சிறப்புப் பேருந்துகள், தற்காலிக நிறுத்தங்கள், காவலர்கள், விளக்குகள் எல்லாம் வந்தன. ஆகவே நிர்வாகத்துக்குச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சனீஸ்வரன் இடம் பெயர்ந்தால் இரவில் பேருந்து விட முடிகிறது. இரவுப் பணி முடித்த செவிலியர் வீட்டுக்குப் பெயர வேண்டுமென்றால் முடிவதில்லை.

மீன் விற்கும் பெண்களின் கணக்கு இன்னும் கொடியது. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு உள்ளூர்த் தெருக்களுக்குப் போக வேண்டும். பேருந்தில் கூடையோடு ஏறினால் முகம் சுளிப்பார்கள், சில சமயம் இறக்கியும் விடுவார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மூதாட்டியை மீன் நாற்றம் என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று அவர் அழுததைக் காணொளியில் பார்த்தோம். தினமும் படம் எடுக்கப்படாமல் இறக்கப்படுகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆட்டோக்காரருக்கு அது தெரியும்: பேருந்து இவர்களை ஏற்றாது, மீன் காத்திருக்காது. அன்றைய லாபத்திலிருந்து முதல் பங்கு அங்கே போகிறது. இதில் எந்தச் சாமர்த்தியத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? கடலோரத்தில் ஏலம் கேட்டு வாழும் பெண்ணுக்கா பேரம் பேசத் தெரியாது?

இங்கே ஓர் எச்சரிக்கை. மேல்தட்டு, நடுத்தட்டு ஆட்கள் ஆட்டோ ஓட்டுநர்களைப் பற்றிப் பேசும்போது நாக்கில் வேறொரு விஷமும் ஏறிக்கொள்கிறது. ரவுடிகள், பொறுக்கிகள், 'அந்த ஏரியா ஆளுங்க'. அந்தப் பேச்சில் நான் சேர மாட்டேன். 2013இல் நிர்ணயித்த கட்டணத்தைப் பத்தாண்டுக்கு மேல் திருத்தாமல் வைத்திருந்தது அரசு. இடையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. உதிரி பாகம், இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறின. சொந்த வண்டி இல்லாதவர் விடிந்ததும் முதலில் வாடகைக்குத்தான் ஓட்டுகிறார். பொறுத்துப் பார்த்த சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாங்களே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. புதிய கட்டணத்தை உடனே அறிவிக்கவும் இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். யாருமே மதிக்க முடியாத ஒரு கட்டணத்தை எழுதி வைத்தால் மீட்டர் செத்துப் போகும். மீட்டர் செத்த இடத்தில் விலையைத் தீர்மானிப்பது பலம். ஓட்டுநருக்கு அரசிடமும் முதலாளியிடமும் பலம் இல்லை. ஆனால் நான்கு மணிக்குத் தனியாக நிற்கும் பெண்ணிடம் இருக்கிறது. மேலே இழந்ததைக் கீழே வசூலிக்கிறார். அந்த ஓட்டுநரின் மனைவியும் மகளும் இன்னொரு ஊரில் இன்னொரு ஸ்டாண்டில் அதே சுங்கத்தைக் கட்டுகிறார்கள். நியாயமான, ஆண்டுதோறும் திருத்தப்படும் கட்டணம் வேண்டும் என்று ஓட்டுநர்கள் கேட்பது எங்கள் கோரிக்கையும்தான். ஆனால் அது கிடைக்கும்வரை பெண்களின் பயத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதைத் தொழிற்சங்க நியாயம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 178ஆம் பிரிவு, ஒப்பந்த வண்டி விதிகளுக்கு மாறாகப் பயணியை ஏற்ற மறுத்தால் அபராதம் என்கிறது. மூன்று சக்கர வண்டிக்கு அந்த அபராதம் 50 ரூபாய் வரை. 1988இல் எழுதியது. 2019இல் சட்டத்தைத் திருத்தி எத்தனையோ அபராதங்களைப் பல மடங்கு ஏற்றினார்கள். இதே பிரிவில் மற்ற வண்டிகளுக்கு 200 ரூபாயை 500 ஆக்கினார்கள். ஆட்டோவின் 50 ரூபாயைத் தொடவில்லை. ஒரு பெண்ணை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவதற்குச் சட்டம் போட்ட விலை இரண்டு மூன்று டீக் காசு.

மறுப்பது சிறு குற்றம் என்று நினைப்பவர்களுக்கு 2012 டிசம்பர் 16ஐ நினைவூட்டுகிறேன். டெல்லியில் படம் பார்த்துவிட்டு நண்பருடன் கிளம்பிய அந்த மாணவிக்கு, துவாரகா வரை வர ஆட்டோக்கள் மறுத்தன என்று அன்றைய செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. முனீர்கா வரைதான் ஓர் ஆட்டோ வந்தது. அங்கே நிறுத்தத்தில் நின்றபோதுதான் அந்தப் பேருந்து வந்தது. கொன்றவர்கள் ஆறு பேர். அவர்களின் குற்றத்தை நான் யார் மீதும் பங்குபோடவில்லை. ஆனால் 'அவ்வளவு தூரம் வர முடியாது' என்ற சாதாரண வார்த்தை, ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை அந்த இரவுக்குப் பிறகும் நாம் கற்கவில்லை.

புகார் செய்யலாமே என்பார்கள். வண்டி என் விடுதி வாசலில் நிற்கிறது. அவருக்கு என் முகம் தெரியும், வாசல் தெரியும், செயலி வழியாக வந்தவர் என்றால் பெயரும் தெரியும். புகார் எண்ணுக்குப் பேசினால் முதலில் கேட்பது என் பெயர், முகவரி, தொலைபேசி. எண்பது ரூபாய் மீட்க என் முகவரியை எத்தனை கைகளில் கொடுக்க வேண்டும்?

செயலிகள் இதைத் தீர்த்துவிடும் என்று சில ஆண்டுகள் நம்பினோம். விலை முன்பே தெரியும், வண்டி நகர்வதை வீட்டிலிருந்து பார்க்கலாம். அந்த அளவுக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் போன் செய்து "எங்க போகணும்? மேல நூறு தருவீங்களா?" என்று கேட்பதும், இல்லையென்றால் ரத்து செய்யச் சொல்வதும் சென்னையில் யாருக்குப் புதிது? 2024 செப்டம்பரில் பெங்களூரில் பயணத்தை ரத்து செய்த ஒரு பெண்ணை ஆட்டோ ஓட்டுநர் அறைந்த காணொளியை நாடே பார்த்தது. போதாதற்கு, தேவை கூடினால் விலை கூடும் என்பதைச் செயலி தன் வியாபாரமாகவே வைத்திருக்கிறது. மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை அனுமதித்தது. 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்காக்கினார்கள். மழை, இரவு, கடைசிப் பேருந்து போன பிறகு என்று எப்போதெல்லாம் ஒரு பெண்ணுக்கு வண்டி அவசியமோ, அப்போதெல்லாம் விலை ஏறும். ஸ்டாண்டில் முகம் பார்த்துச் செய்ததைக் கணினி முகம் பார்க்காமல் செய்கிறது.

இது நம் ஊர்க் கற்பனை இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரூடின் போக்குவரத்து மையம் 2018இல் நடத்திய ஆய்வில், பாதுகாப்புக்காகப் பெண்கள் மாதத்துக்கு 26 முதல் 50 டாலர் வரை போக்குவரத்தில் கூடுதலாகச் செலவிடுவது தெரிந்தது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றிப் பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வு இன்னும் வலிக்கிறது: பாதுகாப்பான வழிக்காக, தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதைவிடத் தரம் குறைந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது சுங்கத்தைக் காசாகக் கட்ட முடியாதவள் படிப்பாகக் கட்டுகிறாள். காரைக்காலில் எத்தனை பெண்கள் 'சென்னை வேண்டாம், இங்கேயே ஏதாவது படி' என்று நிறுத்தப்பட்டார்கள்! அதற்கு ரசீதுகூட இல்லை.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண்களின் கையில் மாதந்தோறும் காசு மிச்சமாகும் அருமையான திட்டம். விடியல் பயணம் என்று பெயர். ஆனால் உண்மையான விடியலில், ஊர்ப் பேருந்துகள் வந்து சேரும் மூன்றரை, நான்கு மணிக்கு, நகரப் பேருந்து எத்தனை ஓடுகிறது? 2023 டிசம்பர் 30இல் வண்டலூருக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு திண்டிவனம் வழியாக வரும் பேருந்துகள் நகரத்தின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன. ஊரின் கடைசிக் கட்டம் நீண்டுவிட்டது. அந்த நீளம் முழுவதும் ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் வருமானம்.

2025 மார்ச் 8இல் சென்னையில் பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்கள் வந்தன. ஓட்டுநராக ஒரு பெண் சம்பாதிப்பதை மனமார வரவேற்கிறேன். கொஞ்ச நாளிலேயே சில வண்டிகளை ஆண்கள் ஓட்டுவதாகப் புகார் வந்து அதிகாரிகள் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். சில நூறு வண்டிகளுக்கு நிறம் பூசிவிட்டு மற்ற வண்டிகள் எல்லாம் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம் என்றால், அது பாதுகாப்பு ஆகாது. எங்களுக்குத் தனி வண்டி வேண்டாம்; எல்லா வண்டியும் வேண்டும்.

காரைக்காலில் பிறந்தவளுக்கு ஒரு கதை தவிர்க்க முடியாதது. புனிதவதி தன் அழகையும் சதையையும் உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கயிலைக்குப் புறப்பட்டார். பக்தியின் உச்சம் என்று ஆனி மாதம் மாங்கனி வீசிக் கொண்டாடுகிறோம். நான் அதில் இன்னொன்றையும் படிக்கிறேன்: எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தனியாக நெடுந்தூரம் போக, பார்ப்பவர்கள் பயந்து ஓடும் உருவம் தேவைப்பட்டது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் மனித உருவத்தோடு போக விரும்புகிறவளிடம் காசு கேட்கிறார்கள்.

நாங்கள் கேட்பது எளிய விஷயங்கள். கட்டணத்தை ஆண்டுதோறும் எரிபொருள் விலையோடு சேர்த்துத் திருத்துங்கள்; ஓட்டுநர் பிழைக்கக்கூடிய கட்டணமாக இருக்கட்டும், பிறகு மீட்டரைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் முக்கிய இடங்களுக்கான கட்டணத்தைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். வண்டி எண்ணும் நேரமும் மட்டும் சொன்னால் போதும் என்ற புகார் முறை வேண்டும். மறுப்புக்கான 50 ரூபாயை மாற்றுங்கள். காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றுக்கும் செல்லும் பொது பெர்மிட்டை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். கடைசி ரயிலுக்கும் முதல் பேருந்துக்கும் ஒரு நகரப் பேருந்து காத்திருக்கட்டும். கூடையோடு வரும் பெண்ணுக்கு அதில் இடம் இருக்கட்டும். விடியும்வரை உட்கார வெளிச்சமான, கழிப்பறை உள்ள, விரட்டாத ஒரு கூடம் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கட்டும்.

அந்தக் கைப்புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம்பரைப் படம் எடுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள். அதோடு பேருந்தில், விடுதியில், வகுப்பில் ஒருவருக்கொருவர் எவ்வளவு கொடுத்தோம் என்றும் சொல்லுங்கள், எழுதி வையுங்கள், கூட்டிப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு விடுதியின் பெண்கள் பயத்துக்குக் கட்டிய தொகையை ஒரு தாளில் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மேசையில் வைத்தால், அது தனித்தனிப் பெண்களின் அசட்டுத்தனமாக இருக்காது, ஒரு கணக்காகிவிடும். கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் பதில் சொல்லும்வரை, பேரம் பேசத் தெரியாதவள் என்று எந்தப் பெண்ணையும் சொல்லாதீர்கள்.